பழைய கணனிக்குப் புதிய ஹார்ட் டிஸ்க்: மாற்றுமுன் கவனிக்க வேண்டியவை

வீட்டு மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் மேசைக் கணனியை, "இது கிழடு தட்டிவிட்டது, விற்றுவிடுவோம்" என்று பிள்ளைகள் சொல்லும் வீடுகள் பல. சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேநீர் ஊற்றிக் குடித்து முடித்தாலும் அது வேலைக்கு ஆயத்தமாவதில்லை. ஆனால் இந்தத் தாமதத்துக்குப் பல வேளைகளில் முழுக் கணனியும் காரணமல்ல. ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு ஒன்றே காரணமாகும்.

அன்புச் சகோதரிகளே, அந்தத் தட்டுக்குள் இருப்பவற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். மகளின் கலியாணப் படங்கள், மௌத்தான உம்மும்மாவின் குரல் பதிவு, மகனின் உயர்தரப் பாடக் குறிப்புகள், வீட்டுக் கணக்கு. கணனியைக் காசு கொடுத்து மீண்டும் வாங்கலாம். இவற்றை வாங்க முடியுமா?

தட்டு எப்படித் தேய்கிறது?

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்ற கணனியிலேயே முதன்முதலாக வன்தட்டு வந்தது. 24 அங்குல அகலமான 50 தட்டுக்கள் சேர்ந்து, சுமார் 50 இலட்சம் எழுத்துக்களையே கொண்டிருந்தன. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஓரிரு படங்களுக்கே அந்த இடம் சரியாகிவிடும்.

நமது மேசைக் கணனியில் இருப்பது பெரும்பாலும் 3.5 அங்குல வகை. காந்தப் பூச்சுள்ள தட்டுக்கள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல, வாசிக்கும் முனை தட்டைத் தொடாமல் மயிரிழையிலும் மிகக் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஓடினால் இவை தேய்வது இயல்பே. "டிக் டிக்" என்ற புதிய சத்தம், கோப்புகள் திறக்க மறுத்தல், அடிக்கடி உறைந்து நிற்றல் ஆகியவை எச்சரிக்கைகள். தட்டின் மூடியை வீட்டில் ஒருபோதும் திறக்காதீர்கள். ஒரு தூசு போதும், உள்ளிருப்பதைக் கெடுக்க.

முதல் வேலை பிரதி

கடைக்குப் போகுமுன் முக்கியமானவற்றை வெளி வன்தட்டு ஒன்றிலோ பென் டிரைவிலோ பிரதி எடுங்கள். எடுத்ததோடு நின்றுவிடாமல் நாலைந்து படங்களை அதிலிருந்தே திறந்து பாருங்கள். இயலுமானால் இரண்டாவது பிரதியொன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். ஒரே அலுமாரியில் இருக்கும் இரண்டு பிரதிகளும் ஒரே வெள்ளத்தில் போய்விடலாம்.

எதை வாங்குவது?

எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் பாகம் எதுவுமில்லை. ஆகவே சத்தமில்லை, வேகமும் அதிகம். பழைய கணனிக்கு இதனைவிடப் பயன்தரும் மாற்றம் அரிது. வாங்குமுன் பழைய தட்டின் வயரைப் பாருங்கள். ஒடுங்கிய வயராயின் அது 2003 முதல் பரவிய சாட்டா வகை, 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. அதற்குப் பொருந்தும். அகன்ற பட்டி போன்ற வயராயின் அது ஐ.டி.ஈ. என்ற மிகப் பழைய வகை. அதற்குச் செலவழிப்பது நட்டமாகலாம்.

1 டெராபைட் என எழுதியதை வாங்கினால் விண்டோஸ் 931 ஜிகாபைட் என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை; எண்ணும் முறையே வேறு. இன்னொன்றையும் அறிந்து கொள்ளுங்கள்: விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14இல் முடிவடைந்தது. தட்டை மாற்றினால் வேகம் கூடும். இந்தக் குறை தீராது. விண்டோஸ் 11ஐ ஏற்காத கணனிக்கு இலவசமான லினக்ஸ் ஒரு மாற்று வழி.

மாற்றும் முறை

பழையதில் உள்ளதை அப்படியே புதியதற்கு மாற்றும் குளோனிங் மென்பொருட்கள் உண்டு. புதிய தட்டு பழையதைவிடச் சிறியதாக இல்லாதிருப்பது இதற்கு இலகு. பின்னர் கணனியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, சுவிட்சை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தையும் போக்குங்கள். பெட்டியின் பக்க மூடியைத் திறந்ததும் அதன் உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடலிலுள்ள நிலைமின்சாரம் நீங்கிவிடும். இரு வயர்களையும் மெதுவாக இழுத்து, திருகாணிகளைக் கழற்றிப் பழையதை எடுங்கள். புதியதை அதற்கான சட்டத்தில் பொருத்தி, அதே வயர்களை மாட்டுங்கள். ஒரு திருப்புளியும் பொறுமையும் போதும். தாய்மாரும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து செய்யக்கூடிய வேலைதான் இது.

பழையதை என்ன செய்வது?

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். அழித்துவிட்டோம் என்று நினைக்கும் படங்கள் உண்மையில் அழிவதில்லை. அவற்றின் விலாசம் மட்டுமே நீங்குகிறது. தெரிந்தவன் எடுத்துவிடுவான். வீட்டுப் பெண்களின் படங்கள் அந்நியர் கையில் சேர்வதை யார் விரும்புவார்?

ஆகவே பழைய தட்டைச் சில வாரங்கள் பத்திரமாக வையுங்கள். புதியதில் எல்லாம் ஒழுங்காக இருப்பது உறுதியானதும், "விரைவு" என்ற குறியை நீக்கிவிட்டு முழுமையாக ஃபார்மட் செய்யுங்கள். பல மணித்தியாலம் எடுக்கும், எடுக்கட்டும். இயங்காத தட்டாயின், துளையிடும் கருவி உள்ளவரைக் கொண்டு உங்கள் கண்முன்னே தட்டுக்களைத் துளைத்துவிடுங்கள். அதன் பிறகே அது பழைய சாமான்காரரிடம் போகலாம்.