பழைய வண்டிக்கு எந்த ஆயில்?

கடைக்கு வந்து இறங்கும் சரக்கின் அடக்க விலையைக் காசு கணக்கில் பார்ப்பவர்கள் நாம். மூட்டைக்கு ஒரு ரூபாய் கூடினாலும் மொத்த வியாபாரியிடம் நான்கு கேள்வி கேட்போம். ஆனால் அந்தச் சரக்கைச் சுமந்து வரும் வண்டியின் என்ஜினுக்குள் என்ன ஆயில் ஊற்றுகிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. "மெக்கானிக் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம்.

நாமும் அப்படி விட்டவர்கள்தாம். நம் கடை லோடு வண்டி இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியதும் ஆயில் குடிக்கத் தொடங்கியது. பட்டறையில், "வயதான வண்டி, கெட்டி ஆயிலாக ஊற்றினால் அடங்கிவிடும்" என்றார்கள். ஊற்றினார்கள், புகையும் குறைந்தது. அந்த நிம்மதியில் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பதையே நிறுத்திவிட்டோம். பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, வெல்லமும் பச்சரிசியும் ஏற்றி வரும் வழியில் என்ஜின் ஜாம் ஆகி நின்றது. பிரித்துப் பார்த்தபோது அடியில் ஆயில் அளவு குறைந்திருந்தது. பம்ப்பின் சல்லடையில் கரும் பசை அடைத்திருந்தது. பண்டிகை வியாபாரமும் போயிற்று. என்ஜின் வேலைக்குக் கொடுத்த பணத்தில் பல ஆண்டுகளுக்கு நல்ல ஆயில் வாங்கியிருக்கலாம். தவறு பாதி பட்டறையுடையது, பாதி நம்முடையது. அதன் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை நம் வணிகப் பெருமக்களுக்குச் சொல்வது கடமை என்று கருதுகிறோம்.

கெட்டியானது எல்லாம் நல்லதல்ல

விளக்கெண்ணெய் கெட்டியாக இருக்கிறது என்பதற்காக அதில் யாரும் வடை சுடுவதில்லை. என்ஜின் ஆயிலும் அப்படித்தான். அதன் பதம் என்ஜினுக்குப் பொருந்த வேண்டும்.

ஓடி ஓடிப் பழகிய என்ஜினில் பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சிறிது அகன்றுவிடும். ஆயில் அந்த இடைவெளி வழியாக எளிதில் வழிந்துபோவதால் அழுத்தம் குறைகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் மேலேறி எரிந்து நீலப் புகையாக வருகிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் அழுத்தம் கூடும், புகை குறையும் என்பது உண்மையே. ஆனால் அதிகாலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்பும் வண்டியை முடுக்கும்போது, அதே கெட்டி ஆயில் என்ஜினின் மேல்பகுதிக்கு ஏறத் தாமதமாகும். அந்தச் சில நொடிகளில்தான் தேய்மானம் அதிகம். கேஜ் நன்றாகக் காட்டுகிறது என்று நாம் மகிழ்ந்திருக்க, உள்ளே இரும்பு இரும்போடு உரசிக்கொண்டிருக்கும்.

டின்னில் எழுதியிருப்பது என்ன?

டின்னின் மேல் '15டபிள்யூ-40', '20டபிள்யூ-50' என்று போட்டிருப்பார்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. முதல் எண் சிறியதாக இருந்தால், குளிரில் ஆயில் இளக்கமாக ஓடும் என்று பொருள். இரண்டாவது எண், என்ஜின் சூடேறிய பின் உள்ள பதம். 100 டிகிரி வெப்பத்தில் அளந்தால் 40-ஆம் எண் ஆயில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரையிலும், 50-ஆம் எண் ஆயில் 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக் வரையிலும் இருக்கும். பனி உறையாத நம் சமவெளி ஊர்களில் முதல் எண்ணைவிட இரண்டாவது எண்ணே முக்கியம்.

அடுத்து ஏ.பி.ஐ. தரம். 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் என்ஜினுக்கு. 'சி' என்று தொடங்கினால் டீசல் என்ஜினுக்கு. டீசலில் 1990-இல் சி.எஃப்.-4, 1998-இல் சி.எச்.-4, 2002-இல் சி.ஐ.-4, 2016-இல் சி.கே.-4 என்று தரம் உயர்ந்து வந்தது. பின்னால் வந்த இந்தத் தரங்களை முன்னதற்குப் பதிலாக ஊற்றலாம். முன்னதைப் பின்னதற்குப் பதிலாக ஊற்றக்கூடாது. எஃப்.ஏ.-4 என்ற தரம் மட்டும் விதிவிலக்கு. அது புதிய வகை என்ஜின்களுக்கான இளக்க ஆயில். பழைய டீசல் வண்டிக்கு ஆகாது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்த பின் வாங்கிய டீசல் வண்டியில் புகைத் துகள் வடிகட்டி இருந்தால், சாம்பல் குறைந்த ஆயிலே ஊற்ற வேண்டும். பழைய குட்டி யானையும் புதிய வண்டியும் ஒரே கடையில் நிற்கின்றன என்று இரண்டுக்கும் சேர்த்து ஒரே பழைய தர டின் வாங்கினால், புதிய வண்டியின் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

டெலிவரிக்கு ஓடும் பைக்குகளில் பெரும்பாலும் கிளட்ச் என்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. அவற்றுக்கு 'ஜாஸோ எம்.ஏ.' குறியுள்ள ஆயில் வேண்டும். கார் ஆயில் மிஞ்சியிருக்கிறது என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

எப்போது ஒரு படி மேலே போகலாம்?

முதலில் வண்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். வெப்பநிலைக்கு ஏற்ப எந்தெந்தப் பதம் ஊற்றலாம் என்று பல கையேடுகளில் அட்டவணை இருக்கும். என்ஜின் சூடான பின் ஐடிலிங்கில் அழுத்தம் குறைவாகக் காட்டினாலோ, இரண்டு ஆயில் சேஞ்சுக்கு நடுவே அடிக்கடி ஊற்ற நேர்ந்தாலோ, அந்த அட்டவணை அனுமதிக்கும் அளவுக்கு ஒரு படி கெட்டியாகப் போகலாம். 40 இருந்த இடத்தில் 50. அதற்கு மேல் தாவ வேண்டாம். வண்டி அளவாகக் குடித்து, அழுத்தமும் சரியாக இருந்தால், கிலோமீட்டர் கூடிவிட்டது என்பதற்காகப் பதத்தை மாற்றத் தேவையில்லை.

"சிந்தெடிக் ஊற்றினால் பழைய வண்டி ஒழுகும்" என்றொரு பேச்சு உண்டு. ஆரம்ப கால சிந்தெடிக் ஆயில்கள் சில, ரப்பர் சீல்களைச் சுருங்க வைத்ததால் வந்த பேச்சு அது. இப்போது வருபவற்றில் அந்தக் குறை நீங்கிவிட்டது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சீலை அழுக்கு அடைத்துக்கொண்டிருந்தால், அழுக்கு கரைந்ததும் ஒழுகல் வெளிப்படும். ஓடித் தேய்ந்த வண்டிகளுக்கென்றே சீலை மென்மையாக்கும் சரக்குச் சேர்த்த ஆயில்களும் உண்டு. லேசான கசிவுக்கு அவை உதவும்; உடைந்த சீலையும் தேய்ந்த ரிங்கையும் எந்த ஆயிலும் புதிதாக்காது. லிட்டருக்கு லிட்டர் ஆயில் குடிக்கும் வண்டிக்கு, விலை கூடிய ஆயில் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் பால் ஊற்றுவது போல. என்ஜின் வேலையைச் செய்துவிடுவதே லாபம்.

கிலோமீட்டர் மட்டும் கணக்கல்ல

நம் வண்டிகள் நெடுஞ்சாலையில் ஓடுவதைவிடக் கடை கடையாக நின்று ஓடுவதே அதிகம். நிற்கும் நேரத்திலும் என்ஜின் ஓடுகிறது, மீட்டர் ஓடுவதில்லை. குறைந்த தூரத்தில் என்ஜின் முழுச் சூடு ஏறாததால் ஈரமும் எரியாத எரிபொருளும் ஆயிலில் தங்கிவிடுகின்றன. ஆகவே கையேட்டில் கிலோமீட்டர், மாதம் என இரண்டும் சொல்லியிருந்தால் எது முந்துகிறதோ அதன்படி மாற்றுங்கள். கடும் உபயோகத்துக்குத் தனிக் கணக்கு கொடுத்திருந்தால் நமக்கு உரியது அதுவே. ஆயிலோடு பில்டரையும் மாற்ற வேண்டும். பழைய பில்டரில் புது ஆயில் என்பது கழுவாத பாத்திரத்தில் புதுப் பால்.

டீசல் வண்டியில் ஆயில் கறுப்பது இயல்பு. கரியைத் தன்னோடு வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை. பால் கலந்த காப்பி நிறம் கண்டால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஊற்றாமலே அளவு கூடினால் டீசலோ தண்ணீரோ இறங்குகிறது. இவ்விரண்டிலும் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

வாங்கும்போதும் கழிக்கும்போதும்

போலிச் சரக்கு எப்படி வருகிறது என்று நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. காலி டின்னில் கழிவு ஆயிலை நிரப்பி மூடி போடுகிறார்கள். முறையான விற்பனையாளரிடம் வாங்கி, சீலையும் தேதியையும் பார்த்து, நம் கண் முன் திறந்து ஊற்றச் சொல்லுங்கள். காலி டின்னை ஓட்டை போட்டுக் கழியுங்கள். அந்த டின்னில் சமையல் எண்ணெயையோ வேறு உணவுப் பொருளையோ எக்காரணம் கொண்டும் ஊற்றக்கூடாது. மாவும் தேயிலையும் வாடையை உறிஞ்சும் பொருள்கள். ஆயில் டின்னையும் ஒழுகும் வண்டியையும் குடோனுக்குள் விடாதீர்கள். கழிவு ஆயில் அபாயக் கழிவு. சாக்கடையில் கொட்டாமல், பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போகிறதா என்று பட்டறையில் கேளுங்கள்.

பில் வாங்குவதில் இன்னொரு பயனும் உண்டு. சரக்கு ஏற்றும் வண்டியின் பராமரிப்புக்குச் செலுத்திய ஜி.எஸ்.டி.யை, முறையாகப் பதிவு செய்த வணிகர் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்போருக்கு இது பொருந்தாது.

கடைசியாக ஒன்று. காலையில் விளக்கேற்றித் தராசைச் சரிபார்ப்பதுபோல, வாரம் ஒருநாள் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அளவையும், ஊற்றிய ஆயிலின் பெயரையும், அடுத்து மாற்ற வேண்டிய தேதியையும் கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தில் குறித்து வையுங்கள். நாம் அந்தப் பொங்கலுக்கு முன் இதைச் செய்திருந்தால், வெல்லமும் அரிசியும் உரிய நேரத்தில் கடைக்கு வந்து சேர்ந்திருக்கும்.