கண்டி வீதியில் தவறணைகள் பெருகிய கதை

கண்டி நகரின் மதுபானச்சாலைகள் பல இன்று சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கின்றன. கொழும்பு–கண்டி வீதியோரம் தவறணைகள் முதலில் பெருகியதற்குக் காரணம் வேறு.

1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் அமைந்த இவ்வீதியால் கோப்பி கொழும்புக்கு இறங்கியது. கரையோரத் தென்னஞ்சாராயம் மலையேறியது. 1867இல் ரயில் கண்டியை அடையும்வரை மாட்டுவண்டிகளே இவற்றைச் சுமந்தன.

ஒரு பிரதேசத்தில் சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் விட்டது. கட்டிய பணத்தைத் தவணைக்குள் மீட்க வேண்டிய குத்தகைக்காரர், முடிந்தளவு விற்றார். வண்டிக்காரரும் தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரும் குடித்த காசில் ஒரு பங்கு அரச வருமானமானது. மறுபங்கு குத்தகைக்காரரின் மூலதனமானது. இலங்கையின் செல்வந்தக் குடும்பங்கள் பல இவ்வாறே எழுந்தன என்பதை ஆய்வாளர் குமாரி ஜயவர்த்தன விரிவாகக் காட்டியுள்ளார். 1912இல் மதுவரிச் சட்டம் மாறியபோது, புதிய தவறணைகளுக்கு எதிராக மதுவிலக்கு இயக்கம் வலுத்தது.

கண்டியில் தொடங்கும் ஏ9 வீதி, போர் சிதைத்த ஊர்களூடாக யாழ்ப்பாணம் செல்கிறது. போருக்குப் பின் அங்கும் மதுபானச்சாலைகள் பெருகின, மக்கள் எதிர்த்தனர். 2024 டிசம்பரில் அனுமதிப்பத்திர விபரங்கள் நாடாளுமன்றத்தில் வெளியாயின.

ஏலம் போய் அனுமதிப்பத்திரம் வந்திருக்கிறது. ஊருக்கு எத்தனை கடை என்பதைத் தீர்மானிப்பது யார், இலாபம் யாருக்கு என்ற கேள்விகள் அப்படியே இருக்கின்றன.