சர்க்கரை பூசிய மணல்

காற்று மாஹுல் பக்கமிருந்து அடித்தால் மும்பை செம்பூர்வாசிகளின் மூக்கே சொல்லிவிடும். 1954, 1955 ஆண்டுகளில் அடுத்தடுத்து அங்கே இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும் இடத்தில் கழிவுநீர் இல்லாமல் இராது. மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்துவிடலாம். கரைந்து நிற்கும் பென்சீன், டொலுவீன், ஃபீனால்தான் தொல்லை. இவற்றைப் பிடிக்கக் கரி உதவும்.

கரி நமக்குப் புதிதல்ல. மணலும் கரியும் அடுக்கிய பானையில் நீர் வடித்தவர்கள்தானே நாம். பென்சீன் மூலக்கூறு ஆறு கார்பன் அணுக்களாலான வளையம். கரியைப் போலவே கார்பனாலான கிராஃபீனும் அதே அறுகோணங்கள் தேன்கூடுபோல் விரிந்த தாள். நீரை விரும்பாத இரண்டும் தட்டின்மேல் தட்டு வைத்தாற்போல் ஒட்டிக்கொள்கின்றன. பரப்பு கூடக்கூடப் பிடிப்பும் கூடும். ஓர் அணு கனமே உள்ள இந்தத் தாளின் இரு பக்கங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு கிராமுக்குச் சுமார் 2,600 சதுர மீட்டர். கிட்டத்தட்டப் பன்னிரண்டு கிரவுண்டு நிலம்!

ஆனால் இவ்வளவு நுண்ணிய பொடியை நீரில் கொட்டினால் திரும்ப எடுப்பது எப்படி? அதுவே புதிய மாசாகிவிடும். இந்த இடத்தில்தான் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு 2012இல் வெளியிட்ட வழி என்னை மிகவும் கவர்ந்தது. சர்க்கரைக் கரைசலை மணலோடு கலந்து உலர்த்தி, ஆக்சிஜன் புகாமல் நைட்ரஜன் சூழலில் 750 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினார்கள். சர்க்கரையிலிருந்து நீர் பிரிந்துபோக, மிஞ்சிய கார்பன் மணல்மேல் கிராஃபீன் போன்ற படலமாகப் படிந்தது. மணலோடு பிணைந்துவிட்டதால் அது நீரோடு ஓடாது. குழாயில் நிரப்பி மேலிருந்து நீர் விட்டால் போதும். ரோடமின் என்ற சாயத்தையும் குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லியையும் அந்தக் கருமணல் பிடித்துக்கொண்டது.

இதற்கு முன், 2004இலேயே, பனாரஸ் இந்து பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ரென்சலேர் கல்வி நிலையமும் சேர்ந்து கார்பன் நுண்குழாய்களாலேயே ஒரு வடிகட்டி செய்திருந்தன. பெட்ரோலியத்தின் கனமான ஹைட்ரோகார்பன்களையும் நீரிலுள்ள போலியோ வைரஸையும்கூட அது தடுத்தது. அருமையான வேலை, ஆனால் சர்க்கரையும் மணலும் எந்த ஊரிலும் கிடைக்கும்.

பிடித்த மாசு மறைந்துவிடுவதில்லை. கரியின் பரப்பு நிரம்பியதும் கரைப்பானில் கழுவவோ சூடாக்கவோ வேண்டும். அப்படி வெளியேறும் நஞ்சைத் தனியே அழிக்க வேண்டும். மேலும், ஆய்வகக் குழாயில் இறங்குவது ஒன்றிரண்டு பொருள் கலந்த நீர். ஆலைக் கழிவிலோ பிசுக்கும் உப்பும் பலவகைச் சேர்மங்களும் அதே பரப்புக்குப் போட்டியிடும். அந்த நீரில் இந்தக் கருமணல் எத்தனை நாள் தாங்கும் என்பதே செம்பூர்க்காரனான என் கேள்வி.