அரை வயிற்றோடு பதக்கம் வென்ற படகு வீரர்

துடுப்புப் படகுப் போட்டியில் எதிராளியை முந்தினால் போதும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் எதிராளியைச் சந்திப்பதற்கு முன்பே, எடை பார்க்கும் கருவியோடு மோத வேண்டிய வீரர்களும் இருக்கிறார்கள். "லைட்வெயிட்" எனப்படும் எடை குறைந்தோர் பிரிவு வீரர்கள்தான் அவர்கள்.

இந்தப் பிரிவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இரண்டு முறை வெண்கலப் பதக்கம் வாங்கியவர் துஷ்யந்த் சவுகான். ஹரியானாக்காரர், ராணுவ வீரர். ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைக் கையில் பிடித்தார்.

72½ கிலோ!

படகு வலிப்பதில் உயரமும் கனமும் உள்ளவர்களுக்கே வசதி அதிகம். நீண்ட கை, நீண்ட கால் இருந்தால் ஒவ்வொரு வலிப்பிலும் படகு கூடுதல் தூரம் போகும். மற்றவர்களுக்கும் வாய்ப்பு வேண்டும் என்பதற்காக ஏற்பட்டதே இந்தப் பிரிவு. உலகப் போட்டியில் ஆண்களுக்கு 1974-ல் இது வந்தது. ஒலிம்பிக்கில் 1996-ல் இடம் பெற்றது.

தனியாகப் படகு வலிக்கும் ஆண் 72½ கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. போட்டிக்கு 2 மணி முதல் 1 மணி நேரத்துக்கு முன்பு எடை பார்ப்பார்கள். ஒரு நாள் பார்த்தால் போதாது. போட்டி உள்ள ஒவ்வொரு நாளும் பார்ப்பார்கள். எடை கூடினால் படகில் ஏற முடியாது.

ஆகவே, வீரர் சாப்பாட்டைக் குறைப்பார். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிப்பார். அதே உடம்போடு 2 ஆயிரம் மீட்டர் தூரம், 7 நிமிடத்துக்கும் மேல், மூச்சு வாங்க வலிக்க வேண்டும். முதுகுப் பக்கமாகப் படகு போவதால், முடிவுக் கோடும் கண்ணில் படாது.

முதல் பதக்கம்

2014-ல் தென்கொரியாவின் இன்சியான் நகரில் ஆசிய விளையாட்டு நடந்தது. தனிநபர் பிரிவில் துஷ்யந்த் மூன்றாவதாக வந்தார். அவருக்கு முன்னால் வந்தவர்கள் ஹாங்காங், தென்கொரிய வீரர்கள்.

அடுத்த ஆசிய விளையாட்டு, 2018-ல் இந்தோனேசியாவில் நடந்தது. படகுப் போட்டிக்கு இடம் பாலெம்பாங் நகரம். ஆகஸ்டு 24-ந்தேதி இறுதிப்போட்டி. முந்திய நாள் இந்தியப் படகுகள் வெறுங்கையோடு திரும்பியிருந்தன.

துஷ்யந்துக்கு ஜலதோஷம் வேறு. எடைக்குப் பயந்து அன்று அவர் சாப்பிட்டது 2 துண்டு ரொட்டியும் ஓர் ஆப்பிளும்தான்.

ஸ்டிரெச்சரில் போனார்

7 நிமிடம் 18.76 வினாடியில் அவர் கோட்டைத் தாண்டினார். மீண்டும் வெண்கலம்! தங்கம் தென்கொரியாவுக்கு, வெள்ளி ஹாங்காங்குக்கு.

ஆனால் அவரால் நிற்க முடியவில்லை. உடம்பில் நீர் வற்றிப் போயிருந்தது. ஸ்டிரெச்சரில் தூக்கிச் சென்றார்கள்.

அன்று இந்தியாவுக்குக் கிடைத்த முதல் படகுப் பதக்கம் அதுதான். அடுத்து ரோகித் குமார், பகவான் சிங் ஜோடி, எடை குறைந்தோர் இரட்டையர் பிரிவில் வெண்கலம் பெற்றது. பிறகு நால்வர் படகில் தங்கமே வந்தது.

ஒலிம்பிக் கதவு

இத்தனை கஷ்டப்பட்டும் ஒரு குறை. துஷ்யந்தின் தனிநபர் போட்டி ஒலிம்பிக்கில் இருந்ததே இல்லை. எடை குறைந்த வீரர் தனியாக அங்கே போக விரும்பினால், எடை வரம்பே இல்லாத ஆஜானுபாகுக்களோடுதான் மோத வேண்டும். இல்லாவிட்டால் இரட்டையர் படகுக்கு மாற வேண்டும்.

அந்த இரட்டையர் படகில் அர்ஜுன் லால் ஜாட், அரவிந்த் சிங் இருவரும் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 11-வது இடம் பெற்றார்கள். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளியும் வென்றார்கள்.

இப்போது அந்தக் கதவும் மூடிவிட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்தான் எடை குறைந்தோர் பிரிவுக்குக் கடைசி. 2028 லாஸ் ஏஞ்சல்சில் அது கிடையாது. அதற்குப் பதிலாகக் கடற்கரைப் படகுப் போட்டி வருகிறது.

பிரிவு போகலாம். வாங்கிய பதக்கம் போகாது. காலைச் சாப்பாட்டை ஒத்திப்போட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்களைக் கேளுங்கள். அந்த வெண்கலத்தின் எடை என்ன என்று அவர்கள் சொல்வார்கள்.