முதலில் டேங்க் மூடியைத் திறங்கள்

சமையல் மேடை மேல் குழாய் வைத்த எவர்சில்வர் தண்ணீர் டிரம் இருக்கிறதே, கார்புரேட்டர் வண்டியின் பெட்ரோல் டேங்க் அதேதான். பம்ப் கிடையாது. மேலே இருப்பது தன் எடையால் கீழே இறங்குகிறது. பழைய புல்லட், ஆர்எக்ஸ் 100, ஸ்ப்ளெண்டர், டிவிஎஸ் எக்ஸ்எல் என 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வருவதற்கு முன் ஓடிய பெரும்பாலான வண்டிகள் இந்த வகை. டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் வண்டி திணறி நின்றால், பலரும் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில். என் கட்சி வேறு: பெட்ரோல் எந்த வழியில் இறங்குகிறதோ, அதே வரிசையில் மேலிருந்து பார்த்துக்கொண்டு வரவேண்டும். பாதி நேரம் கார்புரேட்டரைத் தொடவே வேண்டியிருக்காது.

டிரம்மின் மூடியைக் காற்றுப் புகாமல் இறுக்கி அடைத்துவிட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் முதலில் நன்றாக விழும், பிறகு நூலாகும், பிறகு நின்றுவிடும். இறங்கிய தண்ணீரின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து, மிச்சத் தண்ணீரை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் டேங்கின் மூடியிலும் இதற்காகவே ஒரு சின்ன மூச்சுத் துளை உண்டு. சேறு, மெழுகு பாலிஷ், துரு ஏதாவது ஒன்று அதை அடைத்துவிட்டால் வண்டி சில கிலோமீட்டர் ஒழுங்காக ஓடி, ஆக்சிலேட்டரை முறுக்கியும் இழுக்காமல் நின்றுபோகும். ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். திரும்பவும் அதே கதை. இந்தக் குறி தெரிந்தால், நின்ற இடத்திலேயே மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, உடனே வண்டியும் கிளம்பினால் நோய் அகப்பட்டுவிட்டது. துளையைச் சுத்தம் செய்தால் போதும். கடையில் வாங்கி மாட்டிய மாற்று மூடி என்றால் அதில் துளை இருக்கிறதா என்பதையே முதலில் பாருங்கள்.

அடுத்தது குழாய், அதாவது பெட்ரோல் காக். தண்ணீர் டிரம்மில் குழாயை அடிமட்டத்தோடு வைக்காமல் இரண்டு விரல் உயரத்தில் வைப்பார்கள், வண்டல் வராமல் இருக்க. தண்ணீர் தீரும்போது டிரம்மைச் சாய்த்துப் பிடிப்போம். அப்போது வண்டலும் சேர்ந்து வரும். ரிசர்வ் என்பது அந்தச் சாய்த்துப் பிடிக்கிற வேலைதான். தனி டேங்க் ஒன்றும் இல்லை. காக்கிலிருந்து டேங்குக்குள் உயரமான வழி ஒன்றும் தாழ்வான வழி ஒன்றும் உண்டு; 'ஆன்' நிலையில் உயரமானது, ரிசர்வில் தாழ்வானது. துருவும் தண்ணீரும் அடியில் தங்குவதால், ரிசர்வுக்குத் திருப்பியதும் வண்டி மக்கர் செய்தால் டேங்கின் அடியைச் சந்தேகப்படுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும் சரக்கு. தண்ணீர் மிகுந்துவிட்டால் அதோடு சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டிக்கு இது பெரிய தொல்லை.

எவ்வளவு பெட்ரோல் இறங்கினால் போதும்? லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மணிக்கு ஒரு லிட்டர். நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 17 மில்லி, மூன்று டீஸ்பூனுக்குச் சற்று மேல். அவ்வளவுதான். அதனால்தான் காக்கின் வடிகட்டி வலை பாதி அடைத்திருந்தாலும் தெருவுக்குள் ஒரு குறையும் தெரியாது. நெடுஞ்சாலையில் முறுக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். சோதிக்கும்போதும் பெட்ரோல் வருகிறதா என்று ஒரு நொடி பார்த்துவிட்டு விடக்கூடாது. சில நிமிடம் தொடர்ந்து வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

சோதனையைத் திறந்தவெளியில், எஞ்சின் ஆறிய பிறகு செய்யுங்கள். மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். நெருப்போ பீடியோ பக்கத்தில் வரவே கூடாது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு டிரெயின் ஸ்குரூ இருக்கும். அதன் கீழ் கண்ணாடி ஜாடியை வைத்து, டேங்க் மூடியை மூடியபடியே ஸ்குரூவைத் தளர்த்துங்கள். விழுதல் மெலிந்து, மூடியைத் திறந்ததும் தேறினால் மூச்சுத் துளை. மூடி திறந்தும் தேறவில்லையா, காக்கை அடைத்துவிட்டுக் கார்புரேட்டர் பக்கம் டியூபைக் கழற்றி ஜாடிக்குள் விட்டு, மறுபடி காக்கைத் திறங்கள். அங்கே தாராளமாக வந்தால் குறை கார்புரேட்டருக்குள். வராவிட்டால் காக்கின் வலை, அல்லது எங்கோ மடங்கிக்கிடக்கும் டியூப். ஜாடியின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் அதுவும் ஒரு பதில்.

கார்புரேட்டரின் கிண்ணம், குழாய்க்குக் கீழே வைத்த டம்ளர். நிறைந்ததும் தானே குழாயை மூடச்சொல்லும் டம்ளர். உள்ளே மிதக்கும் ஃப்ளோட் எழும்பி ஒரு நீடிலைத் தள்ளி வழியை அடைக்கிறது. நீடில் மூடியபடி ஒட்டிக்கொண்டால் கிண்ணம் காலி. நீடிலின் வாயில் தூசு சிக்கினால் நிறைந்து வழியும், ஓவர்ஃப்ளோ டியூபில் சொட்டும். கிண்ணம் ஒழுங்காக நிறைந்தும் சோக் இழுத்தால்தான் ஐடிலிங்கில் எஞ்சின் அணையாமல் ஓடுகிறது என்றால், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பழைய பெட்ரோல் காய்ந்து விட்டுப்போகும் பிசினே அதை மூடப் போதும். இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள், தயவுசெய்து. துளை ஒரு மயிரளவு பெருத்தாலும் பெட்ரோல் அளவு நிரந்தரமாக மாறிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றடியும் போதும். வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் காக்கை அடைத்துக் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். இந்தப் பிசின் சேர்வது வெகுவாகக் குறையும்.

ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு டிரம் கணக்கு செல்லாது. டேங்குக்குள் இருக்கும் பம்ப் சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது, ஆகவே டியூபைச் சட்டென்று கழற்றினால் பெட்ரோல் பீய்ச்சியடிக்கும். அங்கே காதுதான் முதல் கருவி: சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று நொடி 'விர்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் கில் ஸ்விட்ச், ஃப்யூஸ், ரிலே, பேட்டரி என்று பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள்.