மலையேறுமுன் வழி தேர்வோம்

வெள்ளாற்றின் தென்கரையில் அமைந்த லப்பைக்குடிக்காட்டிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் நமக்கு, மலை என்பது மேற்கு வானின் விளிம்பில் தெரியும் ஒரு நீலக்கோடு. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் சமவெளியில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் நாம். எனினும் கோடை விடுமுறை வந்துவிட்டால், குடும்பத்தோடு மலைக்குச் செல்ல வேண்டும் என்னும் ஆவல் வீட்டுக்கு வீடு எழுவது இயல்பே. வளைகுடா நாடுகளில் உழைக்கும் குடும்பத் தலைவர்கள் ஊர் திரும்பும் குறுகிய விடுப்பில், எல்லாரும் ஒன்றாக இருக்கக் கிடைப்பவை சில நாள்களே. பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரே வேனில் ஏறிப் புறப்படுகிறார்கள். ஒரு தலைமுறை அல்ல, மூன்று தலைமுறையினர் ஒரு ஓட்டுநரின் கையை நம்பிச் செல்லும் பயணம் அது. இதற்கு எவ்வழி செல்வது என்பதை வேன் வாசலில் வந்து நின்ற பிறகு முடிவு செய்வது அறிவுடைமை ஆகாது.

முதலில் எழ வேண்டிய வினா, எந்த மலை என்பதன்று. யார் யார் வருகிறார்கள் என்பதே. மூட்டு வலியுள்ள முதியவரும் பால்குடி மறவாத குழந்தையும் உடன் வருவார்களாயின், அவர்கள் தாங்கக்கூடிய தொலைவே நம் பயணத்தின் எல்லை. இளைஞர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள்; சுளிக்கட்டும்.

ஒரே நாளில் சென்று திரும்ப விரும்புவோர்க்குப் பச்சைமலை போதும். பெரம்பலூர், துறையூர், உப்பிலியபுரம் வழியே சோபனபுரம் சென்று, அங்கிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறலாம். ஐந்நூறு முதல் ஆயிரம் மீட்டர் உயரமே உள்ள மலை. ஆரவாரமில்லாத மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். கடைகளும் விடுதிகளும் மிகுதியாக இல்லாமையின், கட்டுச்சோறு கொண்டு செல்வது நலம். அண்டை வீட்டு மலையாகிய இதனை நம்மவர் பலர் இன்னும் கண்டதில்லை என்பது வியப்பே.

இரண்டு நாள் கிடைப்பின் கொல்லிமலையை எண்ணலாம். இங்கேதான் வழி தேர்வதில் பலர் ஏமாறுகிறார்கள். துறையூரைத் தாண்டியதும் கொல்லிமலை எதிரே சுவர்போல் எழுந்து நிற்கும். அதன் அடிவாரத்தில் உள்ள புளியஞ்சோலை நமக்கு மிக அருகில் இருப்பதைக் கண்டு, அவ்வழியே மேலே ஏறிவிடலாம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் புளியஞ்சோலையிலிருந்து மேலே செல்வது கால்நடைப் பாதையே, வண்டிப் பாதையன்று. ஆகாய கங்கை அருவியாக விழும் ஐயாறு இறங்கி வரும் பள்ளத்தாக்கு அது. கைபேசியில் வரைபடத்தைப் பார்த்து, நேர்கோட்டில் குறைந்த தொலைவு என்று மகிழ்பவர்கள் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். மலையைச் சுற்றிக்கொண்டு எருமப்பட்டி, நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி சேர்ந்து, அங்கிருந்து சோளக்காட்டுக்கு ஏறுவதே முறையான சாலை. அதில் கொண்டை ஊசி வளைவுகள் எழுபது! வளைவுதோறும் எண் எழுதிய பலகை உண்டு. குழந்தைகள் அவற்றை எண்ணிக்கொண்டே வருவார்கள். இருபதுக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டு வாந்தி எடுக்கத் தொடங்குவார்கள். வளைவுகள் குறைந்த வழியே வேண்டுவோர்க்கு முள்ளுக்குறிச்சியிலிருந்து ஏறும் மற்றொரு சாலையும் உண்டு. சுற்று மிகுதியெனினும், முதியோர் உடன் வரும்போது அதனையும் எண்ணிப் பார்க்கலாம். ஆகாய கங்கையைக் காண ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கிய படிகள் அனைத்தையும் திரும்ப ஏறவும் வேண்டும் என்பதைப் பாட்டிமாரிடம் முன்னரே சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாவது ஏற்காடு. பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டை, கிருஷ்ணாபுரம் வழியாக ஆத்தூர் சென்று, வாழப்பாடியைக் கடந்தால் அயோத்தியாப்பட்டணம் வரும். அங்கிருந்து சேலம் நகருக்குள் சென்று, இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பெரிய சாலையில் ஏறலாம். அல்லது அயோத்தியாப்பட்டணத்திலிருந்தே பிரிந்து குப்பனூர் வழியாகவும் ஏறலாம். கிழக்கிலிருந்து வரும் நமக்குப் பின்னது குறுக்கு வழி. எனினும் சாலை குறுகலானது. புதிய ஓட்டுநர்க்குப் பெரிய சாலையே ஏற்றது என்பது நம் கருத்து. சனிக்கிழமை ஏறி ஞாயிறு தங்குவோர்க்கு அங்கே திருப்பலி காண ஆலயமும் உண்டு.

உதகையும் கோடைக்கானலும் நமக்குத் தொலைவு. அங்கே செல்ல விரும்புவோர் 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி மின்னணு அனுமதிச் சீட்டு முறை வந்ததை அறிந்திருக்க வேண்டும். முன்கூட்டியே பதிவு செய்யாமல் புறப்பட்டு, அடிவாரத்தில் நின்று தவிப்பவர் பலர். கோடைக்கானலுக்கு வத்தலகுண்டிலிருந்து ஏறும் சாலை, லா என்னும் பொறியாளரின் பெயரால் வழங்குவது; 1916-இல்தான் போக்குவரத்துக்குத் திறந்தது. அதற்கு முன் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, ஆள்கள் தூக்கும் நாற்காலியிலோ மக்கள் ஏறினர். 1895-இல் செண்பகனூரில் தொடங்கிய இயேசு சபைக் கல்லூரிக்கு வந்த முதல் குருக்களும் மாணவரும் அவ்வழியே ஏறியவர்கள்தாம். நாம் எழுபது வளைவுக்கு அஞ்சுகிறோம்!

இனிக் காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கு அதுவே இடர்மிகு காலம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் ஏற்காட்டுச் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடைபெறும் நாள்களில் கொல்லிமலையிலும், மே மாதக் கோடை விழாவின்போது ஏற்காட்டிலும் வண்டிகள் நெருங்கும். சனவரியிலும் பிப்ரவரியிலும் செல்வோர் பேறு பெற்றோர். பள்ளித் தேர்வுகள் அதற்கு இடம் தருவதில்லை என்பதுதான் குறை.

மலைச்சாலையில் ஏறுவதைவிட இறங்குவதே கடினம். இதனைச் சமவெளி ஓட்டுநர் பலர் உணர்வதில்லை. 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர் அருகே மரப்பாலத்தில் பள்ளத்தில் உருண்ட சுற்றுலாப் பேருந்து, உதகையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. தென்காசி மாவட்டத்திலிருந்து மகிழ்ச்சியோடு புறப்பட்ட குடும்பங்களில் பலர் வீடு திரும்பவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய பேருந்தும் கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்து உயிர்களைப் பலி கொண்டது.

இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால், உராய்வினால் அது கொதித்து, ஒரு கட்டத்தில் பிடிக்கும் ஆற்றலை இழக்கும். ஆகவேதான் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பர் பழுத்த ஓட்டுநர். முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ வண்டியை விட்டால் இயந்திரமே வேகத்தைத் தடுக்கும். பிரேக்குக்கு வேலை குறையும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் உருட்டி வருவது பெரும் பிழை. கருகிய வாடை வந்தால் கூச்சமின்றி வண்டியை ஓரமாக நிறுத்தச் செய்து, அரைமணி நேரம் ஆற விடுங்கள். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. வாடகை வேன் பேசும்போது கட்டணத்தை மட்டும் பேசாமல், அந்த ஓட்டுநர் எந்தெந்த மலை ஏறியிருக்கிறார், டயர் எப்படியிருக்கிறது, பிரேக் எப்போது பார்க்கப்பட்டது என்றும் கேளுங்கள். இரவெல்லாம் வேறொரு சவாரி ஓட்டிவிட்டு வருபவரை, எவ்வளவு மலிவாயினும், அமர்த்த வேண்டாம்.

வயிறு குமட்டும் இயல்புடையோரை முன் இருக்கையில் அமர்த்தித் தொலைவை நோக்கச் சொல்லுங்கள். கைபேசியைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். காலையில் இரண்டு இட்டலி போதும். பூரியும் கிழங்கும் அன்று வேண்டாம். மாத்திரையாயின் மருத்துவரைக் கேட்டு, ஏறத் தொடங்குமுன்பே தர வேண்டும். காது அடைத்தால் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்துச் சப்பச் சொல்லலாம். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே மருந்து. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறையுமாதலால், மே மாதத்திலும் ஆளுக்கொரு கம்பளிச் சட்டை வேண்டும்.

நேரத்தைக் கணக்கிடும்போது, மலைப்பகுதிக்கு மணிக்கு இருபது கிலோமீட்டர் என்றே கொள்ளுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு லப்பைக்குடிக்காட்டிலிருந்து புறப்பட்டு, பெரம்பலூரில் தேநீர், நாமக்கல்லில் சிற்றுண்டி, சேந்தமங்கலத்தில் எரிபொருள் என்று வகுத்துக்கொண்டால், வெயில் ஏறுமுன் சோளக்காட்டில் இருக்கலாம். திரும்பும் நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கே இறங்கத் தொடங்குங்கள். பலாப்பழம் வாங்க வேண்டும், மிளகு வாங்க வேண்டும் என்று வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். அவற்றை முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.