தரவு மையங்களின் பசுமைத் தரவு

தரவு மையம் என்பது ஆயிரக்கணக்கான கணினி வழங்கிகளை ஒரே வளாகத்தில் வைத்து இரவும் பகலும் இயக்கும் இடம் ஆகும். சென்னையில் அம்பத்தூர், சிறுசேரி ஆகிய பகுதிகளில் இவை உள்ளன. இவை செலவிடும் மின்சாரம், நீர், அவற்றால் வெளியாகும் கரியமில வாயு ஆகியவற்றின் கணக்கைப் பசுமைத் தரவு எனலாம்.

வடசென்னையுடன் தொடர்பு

சென்னைக்கு மின்சாரம் தரும் நிலையங்களுள் அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையமும் ஒன்று. இதன் முதல் இரண்டு கட்டங்களின் நிறுவுதிறன் 1830 மெகாவாட். இங்கு எரிவது நிலக்கரி. சாம்பல் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தையும் மீனவர் வாழ்வையும் பாதித்துள்ளது. எனவே நகரின் மறுகோடியில் உள்ள கணினியின் மின்கணக்கு எண்ணூர் மக்களின் கணக்கும் ஆகும்.

அளவிடும் முறை

மையத்தின் மொத்த மின்செலவைக் கணினிக் கருவிகளின் மின்செலவால் வகுத்தால் கிடைப்பது மின் பயன்திறன் விகிதம். மொத்தம் 15 லட்சம் யூனிட், கருவிகளுக்கு 10 லட்சம் யூனிட் எனில் விகிதம் 1.5. இது 1-ஐ நெருங்க நெருங்க, குளிரூட்டல் முதலியவற்றுக்கு ஆகும் கூடுதல் செலவு குறைவு என்று பொருள்.

பிழை நுழையும் இடங்கள்

1. மீட்டர்: கருவிகளுக்கான மீட்டர் 5 விழுக்காடு கூடுதலாகக் காட்டினால், அதே மையத்தின் விகிதம் 1.43 ஆகிவிடும். ஒரு யூனிட்கூட மிச்சமாகாமலே மையம் மேம்பட்டதாகத் தோன்றும்.

2. மீட்டர் இருக்கும் இடம்: வழங்கியின் வாயிலில் அளக்காமல் யுபிஎஸ் வெளியீட்டில் அளந்தால், இடையில் ஏற்படும் மின்னிழப்பும் பயனுள்ள செலவாக எண்ணப்படும்.

3. கணக்கு முறை: பசுமை மின்சாரச் சான்றிதழ் வாங்கிய நிறுவனம் தன் உமிழ்வைச் சுழியம் எனக் காட்ட இயலும். மின்தொகுப்பின் சராசரிப்படி கணக்கிட்டால் அதே நிறுவனத்தின் உமிழ்வு பெரிய எண்ணாக வரும். இரண்டையும் சேர்த்து வெளியிடுவதே நேர்மை.

பாதுகாக்கும் வழிகள்

மீட்டர்களைக் குறித்த காலத்தில் அளவுத்திருத்தம் செய்தல், அளவீட்டைக் கைப்படாமல் நேரமுத்திரையுடன் பதிதல், பின்னர் மாற்றினால் தெரியும்படி மின்கையொப்பமிடுதல், வெளியார் தணிக்கை ஆகியவை முக்கியமானவை. ஆனால் மின்கையொப்பம், பதிந்தபின் நடக்கும் திருத்தத்தை மட்டுமே காட்டிக்கொடுக்கும். மீட்டரே தவறாக இருந்தால் தவறான எண்தான் பத்திரமாக இருக்கும். ஆகவே அளவுத்திருத்தமே முதற்படி.

இந்தியாவில் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டு முதல் சுற்றுச்சூழல் விவரங்களை வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி.

ஏன் இது முக்கியம்?

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகம் அருகே இரு கப்பல்கள் மோதின. எண்ணெய்க் கசிவு இல்லை என்றே முதலில் கூறப்பட்டது. பின்னர் எர்ணாவூர்க் கரையில் எண்ணெய்ப் படிவத்தை மக்கள் வாளிகளில் அள்ள நேர்ந்தது. அளக்குமுன் சொல்லும் எண்ணை நம்பினால் நடவடிக்கை தாமதமாகும். இழப்பு கரையில் வாழ்வோருக்கே. தரவு மையக் கணக்குக்கும் இது பொருந்தும்.